ஸ்டோருக்குப் பின்னால் ஒரு மேடு பள்ளம்

போன மாதம் யூனியன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் காலடிப்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இப்போது கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். டீயைக் குடித்துவிட்டு ஒருவர் ஆரம்பித்தார்.

"நைனா, நீ கம்பெனில புல்லு வெட்டிகினு இருந்தியாமே. அதப் பத்தி எதுனா எழுதிக் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாயிலரில் இருந்தவரை 'அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்' என்று யாராவது சொல்கிறார்களா? கிரேன் ஓட்டியவரை 'மூட்டை தூக்கினார்' என்று சொன்னால் சும்மா விடுவாரா? நான் மினி டிராக்டர் ஆப்பரேட்டர். மேடும் பள்ளமுமாகப் புதர் மண்டிக் கிடக்கிற நிலத்தைச் சமன் செய்து தருவது என் வேலை. புல் வெட்டுவது அதில் முதல் நாள் வேலை. மீதி நாளெல்லாம் என்ன செய்தேன் என்று தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் கடல் தொழில் குடும்பம். அப்பா, அண்ணன்கள், மாமன், மச்சான் எல்லோரும் படகில் போனவர்கள். எனக்கு மட்டும் அலை ஒத்துக்கொள்ளவில்லை. கரை கண்ணில் இருக்கும்போதே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். "இவன் மீனு புடிக்க வர்லடா, மீனுக்குச் சோறு போட வர்றான்" என்று அப்பா படகில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதோடு என்னைத் தரையில் இறக்கிவிட்டார்கள். ஐடிஐ படித்தேன், துறைமுகத்தில் கொஞ்ச நாள் ஃபோர்க்லிப்ட் ஓட்டினேன், பிறகு எண்ணூர் ரோட்டில் இருந்த இந்தக் கம்பெனியில் எஸ்டேட் செக்ஷனில் சேர்ந்தேன். நான் சேர்ந்த கொஞ்ச காலத்தில் அந்த மினி டிராக்டர் வந்து இறங்கியது.

வாசலில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஒன்றின் டயருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எங்கள் வண்டி அது போட்ட குட்டி மாதிரி இருக்கும். கேன்டீனில் கேலி தாங்க முடியாது. "மாமு, இதுக்கு டீசலா, பேட்டரி செல்லா?" என்பார்கள். ஆனால் அந்த வண்டியின் பின்னால் மூன்று கைகள் உண்டு. அதில் எதை மாட்டுகிறோமோ வண்டி அதுவாக மாறிவிடும். புதர் வெட்டும் ஸ்லாஷர் மாட்டினால் ஒரு வண்டி, மண்ணைக் கிளறும் கொத்துக் கலப்பை மாட்டினால் இன்னொரு வண்டி. மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் கொட்டும் லெவலர் பலகை, கடைசியாக இழுத்துப் போகிற உருளை. எனக்கு அந்த சீட்டின் மேல் ஒரு காதலே இருந்தது. ஆடும், குலுங்கும், ஆனால் வாந்தி வராது.

என் மேலதிகாரி ஞானதுரை சார். எஸ்டேட் ஆபீசர். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அவருடைய அண்ணன்கள் ராயபுரத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்தார்கள். கடையில் உட்கார விருப்பமில்லாமல் இவர் மட்டும் படித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்துவிட்டார். எப்போதும் வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேன்ட். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது, 'நீர்', 'உமக்கு' என்றுதான் பேசுவார்.

அவர் லெவல் பார்க்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கருவி எதையும் நம்ப மாட்டார். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைப்பார். அன்றைய பேப்பரைத் தரையில் விரிப்பார். அதன் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சிறிது நேரம் அசைவே இருக்காது. பிறகு ஒரு கை மட்டும் எழும்பி விரலை நீட்டும்.

"அந்தா, அந்த லைட் கம்பத்துக்குக் கீழ லேசா தூக்கலா கெடக்கு பாரும்."

நான் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு விரல் தூக்கலாக இருக்கும். முதல் தடவை அவர் அப்படிப் படுத்தபோது எனக்கு விஷயம் தெரியாது. "அய்யோ, சார் வுயுந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் முகத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டேன். செக்யூரிட்டி ஃபர்ஸ்ட் எய்டு வண்டியையே வரவழைத்துவிட்டார். ஞானதுரை சார் நனைந்த சட்டையோடு எழுந்து உட்கார்ந்து, "ஏழுமலை, மண்ண நனைக்கச் சொன்னா என்னைய நனைக்கீரே" என்றார். அவ்வளவுதான் திட்டு.

ஆரம்பத்தில் நான் செய்த இன்னொரு கூத்து, கெஸ்ட் ஹவுஸ் தோட்டம். அங்கே கோரை மண்டிக் கிடந்தது. எனக்குப் புது வண்டி மயக்கம். நேராக ரோட்டவேட்டரை மாட்டி நாலு ஓட்டு ஓட்டினேன். மண் பவுடர் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால் விதைத்த நெல் மாதிரி வரிசையாகக் கோரை. விஷயம் என்னவென்றால், கோரைக்கு மண்ணுக்கடியில் சின்னச் சின்னக் கிழங்கு உண்டு. ரோட்டவேட்டர் அதைப் பிய்த்துத் தோட்டம் முழுக்கத் தூவிவிட்டது. ஞானதுரை சார் வந்து பார்த்தார். "அறுவடைக்கு ஆள் சொல்லிட்டீரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோரை இருக்கும் நிலத்தில் முதலில் கொத்துக் கலப்பைதான். கிழங்கை மேலே இழுத்துப்போட்டு, வெயிலில் காயவைத்து, வாரி எடுத்த பிறகுதான் ரோட்டவேட்டர் பக்கம் போவேன்.

இனி அந்தப் பெரிய கேஸுக்கு வருகிறேன்.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. கம்பெனி கட்டிய காலத்திலிருந்து வேண்டாததையெல்லாம் கொட்டி, பிறகு மறந்துபோன இடம். கருவேல முள், எருக்கு, கோரை, நடுவில் ஆள் உயரத்துக்கு மண்மேடு, மேட்டுக்குப் பக்கத்திலேயே பன்றி படுக்கிற பள்ளம். கடல் பக்கம் இருந்த காம்பவுண்டுச் சுவரை ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸில் இடித்துத் தள்ளிப் பல காலம் ஆகியிருந்தது. அந்தச் சந்து வழியாகப் போனால் என் மாமியார் தேசம்மா இருக்கிற குப்பம் வந்துவிடும்.

அந்த வருடம் புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் எங்கள் இருவரையும் அங்கே அழைத்துப் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் சிரித்தால் கணக்கில் குறைந்துவிடும் என்று நினைப்பவர்.

"ஸ்போர்ட்ஸ் டே இந்த வருஷம் இங்கதான். உங்க டிராக்டரை வெச்சே முடிக்க முடியுமா? முடியும்னா செக்ஷன் இருக்கட்டும். முடியாதுன்னா கான்ட்ராக்டர்கிட்ட குடுத்துடலாம், வண்டிய ஏலம் விட்டுடலாம். ஏழுமலைய சாம்பல் பிளான்ட்டுக்கு மாத்திக்கலாம்."

பாயிலர் சாம்பலை அள்ளும் அந்தப் பிளான்ட்டில் இருந்தவர்களுக்கு ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இருமல் நிற்காது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சீட்டை விட்டுப் போகிற துக்கம் ஒரு பக்கம், நெஞ்சைப் பற்றிய பயம் ஒரு பக்கம். ஞானதுரை சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடியும் சார்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "முடியுமாவே?" என்று கேட்டார்.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் வண்டி கிடையாது, கடப்பாரைதான். காலடிக்குக் காலடி குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 'டங்' என்று சத்தம் வந்தால் இரும்பு. அங்கே ஒரு சிவப்புத் துணி கட்டிய குச்சி. கொஞ்ச நேரத்தில் கட்சி மாநாடு மாதிரி ஆகிவிட்டது. சங்கிலி, பைப், ஒரு முழு தராசு, எல்லாம் தோண்டி எடுத்தோம். பிறகு ஸ்லாஷர். பெரிய முள்ளை ஆள் வைத்து வெட்டி, சின்னதையெல்லாம் வண்டியிலேயே அடித்துத் தள்ளினேன். பிறகு கொத்துக் கலப்பை. கோரைக்கிழங்கு சாக்குச் சாக்காக வந்தது.

ரோட்டவேட்டர் மாட்டியபோதுதான் பேஜார். மண்ணுக்கடியில் பழைய நைலான் வலை புதைந்திருந்தது. கடலோரத்து மண்ணில் அது இல்லாத இடம் கிடையாது. பத்தடி ஓட்டுவதற்குள் வலை கத்திகளில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே படுத்து, பேனாக்கத்தியால் கண்ணி கண்ணியாக அறுத்து எடுப்பேன். கடலில் ஒரு நாளும் உதவாத குடும்பத் தொழில் அங்கேதான் எனக்கு உதவியது. அப்பா இருந்திருந்தால் பார்த்து மகிழ்ந்திருப்பார், அல்லது இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பார்.

அதற்கப்புறம் லெவலர். இதில் அவசரம் கூடாது. மேட்டை ஒரே ஓட்டில் சுரண்டப் பார்த்தால் பலகை மண்ணில் குத்தி வண்டியின் மூக்கு மேலே கிளம்பும். வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி மெல்லிசாக எடுத்து, பள்ளத்தில் கொட்டி, தண்ணீர் அடித்து, காயவிட வேண்டும். ஈரம் இறங்கியதும் மண் உட்காரும். நேற்று சமமாக இருந்தது இன்று தொட்டி மாதிரி இருக்கும். மறுபடியும் மண், மறுபடியும் தண்ணீர், கடைசியில் உருளை. தினமும் சாயங்காலம் ஞானதுரை சார் பேப்பரோடு வந்து படுப்பார். விரல் நீட்டுவார். ஒரு நாள் படுத்தவர் விரலே நீட்டவில்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்லுததுக்கு இல்லவே" என்றார். அவர் என்னிடம் சொன்ன பெரிய பாராட்டு அதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாள் பார்த்தால் கிரவுண்டு முழுக்க மாட்டுக் குளம்பு, நாய்க்கால். திருவொற்றியூர் மாடுகளுக்கு ரோடு போதாது போலிருக்கிறது. மறுபடியும் உருளை ஓட்டிவிட்டு, குப்பத்தில் ஒரு பழைய வலையை வாங்கி வந்து, சுற்றிலும் கம்பு நட்டு, இடுப்பு உயரத்துக்கு வலையைக் கட்டினேன். தென்னந்துடைப்பத்தால் ஒரு கல் இல்லாமல் பெருக்கினேன். மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தேன். யாரும் சொல்லாமல் கை தானாகச் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. நான் பெருமை அடித்துக்கொண்டேன். "சோத்தக் கொட்டித் துன்னலாம் அத்த, அப்டி கீது கிரவுண்டு" என்றேன். அத்தை மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"மண்ணு ஒட்டுமா மாப்ளே?"

"ஒட்டாது. கல்லு மாரி இறுகிகீது."

"நெயல் எதுனா வுயுமா?"

"மரமே இல்ல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலு."

மருமகன் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

ஜி.எம். பார்வையிட வருகிற அன்று காலையில் சீக்கிரமே போனேன். ஸ்டோரைத் தாண்டித் திரும்பியதும் கண் கூசியது. கிரவுண்டு முழுக்க வெள்ளி. ஒரு ஓரம் விடாமல் நெத்திலி பரப்பியிருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் நாலு பேர் குனிந்து அதைக் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் கவிழ்த்த டிரம் மேல் காக்கா ஓட்டும் கம்போடு என் மாமியார்.

"அத்த! இன்னா அத்த இது?"

"நீதான மாப்ளே களம் கட்டி வெச்ச?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தரையை இறுக்கிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுற்றிலும் கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டிவிட்டால் அது கருவாட்டுக் களம். கட்டியவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, மீன் வந்ததும் கொண்டுபோய்க் கொட்டலாம். நான் மாட்டுக்கு வேலி போட்டதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். செக்யூரிட்டியும் "உன் மாமியார்னு சொன்னாங்க, அதான் வுட்டேன்" என்றார்.

"அத்த, பெரிய ஆபீசர் வராரு. இத்த ஒடனே வாரு. என் வேல போயிடும்."

அத்தை டிரம்மை விட்டு இறங்கினார். குரலும் இறங்கியது. "இப்ப வாரினா அரை ஈரம் மாப்ளே. குமிச்சா அயுகிப்பூடும். போன தபா ரோட்டுல காய வெச்சேன், கன்டெய்னர் வண்டிக்காரன் மேல ஏத்திகினு பூட்டான். இந்த தபாவும் போச்சுன்னா நாங்க இன்னா பண்றது, சொல்லு."

நாலு பெண்களும் கையில் மீனோடு என்னையே பார்த்தார்கள். ஒரு பக்கம் சாம்பல் பிளான்ட், ஒரு பக்கம் இவர்கள். வாரச் சொல்லவும் மனம் வரவில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் ஞானதுரை சார் பேப்பரோடு வந்தார். நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் கெடக்கணும்" என்றார், கருவாட்டுக் கடைக்காரர் குரலில். "இத இப்ப வாருனா பாவம்வே."

ஜி.எம். கார் வந்து நின்றது. இறங்கியவர் கிரவுண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிரம் மேல் மறுபடியும் ஏறி உட்கார்ந்துவிட்ட என் மாமியாரைப் பார்த்தார்.

"ஞானதுரை, என்ன இது?"

"லெவல் டெஸ்ட் சார்."

ஞானதுரை சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தரை எங்க பள்ளமா கெடக்கோ அங்க ஈரம் தங்கும் சார். அங்க கெடக்க மீனு மட்டும் காயாது. மத்தது காஞ்சிரும். கண்ணுக்குத் தப்புறது மீனுக்குத் தப்பாது. நீங்களே பாக்கலாம். ஷூவ மட்டும் கழட்டிருங்க, தரை கெட்டுப்போவும்."

ஜி.எம். ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே கொக்கு மாதிரி காலை எடுத்து வைத்துப் போனார். அங்கங்கே குனிந்து ஒரு மீனை விரலால் அழுத்திப் பார்ப்பார், தலையாட்டுவார். என் மாமியார் அவர் தலைக்கு மேல் காக்கா ஓட்டினார். வடகிழக்கு மூலையில் போய் ஜி.எம். நின்றார்.

"இங்க ஈரமா இருக்கே!"

லாட்டரியில் பரிசு விழுந்தவர் மாதிரி ஒரு குரல். ஞானதுரை சார் ஓடிப்போய்ப் பேப்பரை விரித்துப் படுத்தார். அதற்கு முன்னால் அவரை அந்தக் கோலத்தில் பார்த்திராத ஜி.எம். பயந்து இரண்டடி பின்னால் போனார்.

"ஆமா சார், அரை விரல் பள்ளம்" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

பொய்யில்லை. நானும் படுத்துப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. இத்தனை நாள் என் கண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் தப்பியிருக்கிறது. வேலை பிழைத்ததா போனதா என்று தெரியாத அந்த நேரத்திலும் எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

ஜி.எம். ஷூவை மாட்டிக்கொண்டார். "கிரவுண்டு நல்லா வந்திருக்கு. அந்த மூலைய சரி பண்ணிட்டு நாளைக்கு இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. அந்த ஒடஞ்ச சுவர்கிட்ட ஸ்போர்ட்ஸ் டே முடிஞ்சப்புறம் ஒரு கேட் வைக்கலாம்." கார் வரைக்கும் போனவர் என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். லேசாகச் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"டெஸ்ட் முடிஞ்சதும் எனக்கு ஒரு கிலோ சாம்பிள் வேணும். தலையக் கிள்ளிட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

கார் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். செக்ஷன் பிழைத்தது. ஓய்வு பெறும் வரைக்கும் நான் அந்த சீட்டில்தான் இருந்தேன், சாம்பல் பக்கம் போகவே இல்லை. அப்போது அதெல்லாம் தெரியாது. வண்டியின் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஞானதுரை சார் சட்டையில் ஒட்டியிருந்த நெத்திலி ஒன்றை எடுத்து, பத்திரமாகத் திரும்ப வரிசையில் வைத்தார்.

அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா மாப்ளே சொல்லிட்டுப் போறாரு?"

"ஒரு எடத்துல பள்ளம் கீதாம் அத்த. அதச் சரி பண்ணிட்டு நாளிக்கும் மீனு காய வெச்சிப் பாக்கணுமாம்."

அத்தை கிரவுண்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"நாளானிக்கு வாள மீனு வருதாம் மாப்ளே. இன்னொரு எடத்துல லைட்டா பள்ளம் போட்டு வையேன்."